தேனீப் பெட்டிக்குள் சிற்றுண்ணி: வாசகர் கேள்வி – பதில்

பூசணியில் பிஞ்சு பிடிக்காமை பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, விடிந்ததும் பூவுக்குத் தேனீ வருகிறதா என்று பார்க்குமாறு ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இம்மாதப் பக்கத்தை நிரப்பப் போதுமானவையாக இருக்கின்றன. அவற்றுள் அதிகமானவை தேனீக்களையும் மகரந்தம் சுமக்கும் பிற பூச்சிகளையும் பற்றும் ஒட்டுண்ணிகளைக் குறித்தவை. ஆகவே வெங்காய அழுகல், மாமரப் பூச்சொரிவு பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: என் வளவில் இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். கடந்த வாரம் வதையைத் தூக்கிப் பார்த்தபோது, ஆண்புழு அறையொன்று உடைந்து, உள்ளிருந்த வெள்ளைப் புழுவின் மீது செம்மண் நிறத்தில் ஒரு சிறு பூச்சி ஊர்ந்தது. படம் எடுத்து அவுஸ்திரேலியாவில் உள்ள என் தம்பிக்கு அனுப்பினேன். அங்கே இதே பூச்சிக்காக அரசாங்கமே பெட்டிகளை அழித்தது என்றும், பெட்டி இரண்டையும் உடனே எரித்துவிடும்படியும் அவர் சொல்கிறார். எரிக்கத்தான் வேண்டுமா?
– வாசகர், நீர்வேலி

பதில்: தீப்பெட்டியைக் குசினியிலேயே வைத்துவிடுங்கள். உங்கள் தம்பி சொன்ன செய்தி பொய்யன்று. ஆனால் அது அந்த நாட்டுக்கும் அந்தத் தேனீக்கும் உரிய செய்தி.

நீங்கள் கண்டது வரோவா என்னும் சிற்றுண்ணியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கடுகை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைக் கவிழ்த்து வைத்தாற் போன்ற உருவம். நீளம் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர், அகலம் அதைவிடச் சற்று அதிகம், ஆதலால் நண்டைப் போல் அகன்று தெரியும். சாமுவேல் ராம்சே என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு வரும் வரை, இது தேனீயின் குருதியை உறிஞ்சுகிறது என்றே பாடநூல்கள் எழுதிவந்தன. அது முதன்மையாகத் தின்பது கொழுப்புத் திசுவை என்று அவர்கள் காட்டினார்கள். நமக்கு ஈரல் செய்யும் பல வேலைகளைப் பூச்சிக்கு அந்தத் திசுவே செய்கிறது. அதைத் தின்னும் வேளையில் சிற்றுண்ணி வைரசுகளையும் உள்ளே செலுத்திவிடுகிறது. அவற்றுள் சிறகுச் சிதைவு வைரசு மிகக் கொடியது. அது பற்றிய தேனீ, கசக்கி எறிந்த கடதாசி போன்ற சிறகுகளுடன் அறையை விட்டு வெளிவந்து, பறக்க மாட்டாமல் பெட்டி வாசலின் கீழே ஊர்ந்து திரியும்.

இனி, இந்த உண்ணி எங்கிருந்து வந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்கு உரிய விடையைத் தருகிறது. அது எங்கிருந்தும் வரவில்லை. நம் பொந்துகளிலும் புற்றுகளிலும் குடியிருக்கும், நாம் பெட்டியில் வளர்க்கும் அப்பிஸ் செரானா என்ற ஆசியத் தேனீயே வரோவாவின் ஆதி வீடு. 1904ஆம் ஆண்டில் யாவாத் தீவின் ஆசியத் தேனீயிலிருந்துதான் அறிவியலாளர் இதற்கு முதன்முதலாகப் பெயரிட்டனர். உலகமெங்கும் ஐரோப்பியத் தேனீயை அழித்துவருவது அதனின்றும் வேறான ஓர் இனம் என்பதை 2000ஆம் ஆண்டில்தான் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் டெனிஸ் அண்டர்சனும் ஜோன் ட்ரூமனும் பிரித்துக் காட்டி, அதற்கு வரோவா டிஸ்ட்ரக்டர், அதாவது ‘அழிப்பான்’, என்று பெயர் வைத்தனர். அந்த இனத்துக்கும் பூர்வீகம் ஆசியத் தேனீயின் கூடுதான்.

நீண்ட காலம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களிடையே ஏற்படும் ஒருவகை ஒழுங்கு இவ்விரண்டிடையேயும் உண்டு. நம் தேனீயின் கூட்டில் இந்த உண்ணி ஏறத்தாழ ஆண்புழு அறைகளில் மட்டுமே இனம்பெருக்குகிறது. வேலைக்காரப் புழுவின் அறைக்குள் நுழைந்தால் அந்தப் புழு விரைவிலேயே இறந்துபோகிறது. வேலைக்காரத் தேனீக்கள் மூடியைப் பிய்த்து, இறந்த புழுவை உண்ணியோடு வெளியேற்றிவிடுகின்றன. ஆண்புழு அறையில் நடப்பது இதிலும் விந்தையானது. அடுத்த முறை வதையைத் தூக்கும்போது ஆண்புழு அறைகளின் மூடியை உற்றுப் பாருங்கள். கூம்பு போல் உயர்ந்து, நடுவில் ஊசி நுழையும் அளவு ஒரு துவாரம் இருக்கும். உண்ணிகள் பல புகுந்து மெலிந்துபோன ஆண்புழுவினால் அந்தத் தடித்த மூடியை வெட்டிக்கொண்டு வெளியேற முடிவதில்லை. வேலைக்காரிகள் துவாரத்தை மெழுகால் அடைத்துவிடுகின்றன. புழுவும் உண்ணியும் உண்ணியின் பிள்ளைகளும் அதற்குள்ளேயே சமாதி. போதாக்குறைக்கு, ஒரு தேனீயின் முதுகில் ஏறிய உண்ணியை அதுவும் அதன் தோழிகளும் தாடையால் கவ்வி எடுப்பதும் உண்டு. பருவத்துக்கு ஒருமுறை மட்டும் எழும் ஆண்புழுக்களை நம்பியே உண்ணி வாழ வேண்டியிருப்பதால் அதன் தொகை ஓர் எல்லைக்கு மேல் ஏறுவதில்லை.

ஐரோப்பியத் தேனீக்கு இந்தக் கல்வி கிடைக்கவில்லை. சைபீரிய ரயில் பாதை வழியாக ரஷ்யாவின் கிழக்குக் கரைக்கும், பிற வழிகளில் யப்பானுக்கும் சீனாவுக்கும் ஐரோப்பியத் தேனீக் குடும்பங்கள் கொண்டுசெல்லப்பட்டு, ஆசியத் தேனீயின் அயலில் வைக்கப்பட்டன. உண்ணி வேலி தாண்டிற்று. புதிய வீட்டில் ஆண்புழு அறையில் மட்டுமன்றி வேலைக்காரப் புழுவின் அறையிலும் அதனால் பெருக முடிந்தது. மூடிய அறைக்குள் தாய் உண்ணி முதலில் ஓர் ஆண் முட்டையும், பின்னர் ஏறத்தாழ 30 மணி நேரத்துக்கு ஒன்றாகப் பெண் முட்டைகளும் இடுகிறது. அண்ணனும் தங்கைகளும் அந்த இருட்டிலேயே கூடிவிட, கருவுற்ற மகள்கள் பிறந்த தேனீயின் உடலோடு ஒட்டிக்கொண்டு வெளியே வருகின்றன. இப்படி ஆண்டு முழுவதும் பெருகினால் எந்தக் குடும்பம் தாங்கும்? அவ்வாறு பெருகிய உண்ணி, இராணித் தேனீக்களையும் கூடுகளையும் வாங்கி விற்றவர்களின் பெட்டிகளோடு 1970களில் ஐரோப்பாவில் பரவிற்று. 1987இல் ஐக்கிய அமெரிக்கா, 1992இல் பிரித்தானியா, 2000இல் நியூசிலாந்து என்று அது போன வழியைக் கப்பல், விமானப் பாதைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அதைச் சுமந்து சென்றவர் யார் என்பது விளங்கும்.

அவுஸ்திரேலியா நெடுங்காலம் தப்பியிருந்தது. 2022 ஜூன் மாதத்தில் நியூகாசில் துறைமுகத்தில் காவலுக்கென்று வைக்கப்பட்டிருந்த கூடுகளில் வரோவா டிஸ்ட்ரக்டர் பிடிபட்டது. சுற்றுவட்டாரத்தில் பல்லாயிரக்கணக்கான கூடுகளை அழித்தார்கள். அப்படியிருந்தும் அது எல்லை மீறிப் பரவியதால், 2023 செப்டெம்பரில் ஒழிக்கும் முயற்சியைக் கைவிட்டு, அதோடு வாழ்ந்துகொண்டே கட்டுப்படுத்தும் வழிக்கு மாறினார்கள். உங்கள் தம்பி கேட்டது இந்தக் கதையின் முதற் பாதியை. அங்கே எரித்தது, உண்ணி இல்லாத ஒரு நாட்டில் அது கால் ஊன்றுமுன் பிடுங்குவதற்காக. நீர்வேலியில் உங்கள் பெட்டியை எரித்தால், நாலு வளவு தள்ளிப் பனம்பொந்தில் இருக்கும் குடும்பத்தின் உண்ணியை யார் எரிப்பது?

நீங்கள் செய்ய வேண்டியது சிறிது. ஆண்புழு எழும் பருவத்தில் ஓர் ஊசியால் 20, 30 ஆண்புழு அறைகளைத் திறந்து, எத்தனையில் உண்ணி இருக்கிறது என்று எண்ணி ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். மிகுதியாகக் கண்டால் ஆண்புழு உள்ள வதைத் துண்டை வெட்டி எடுத்துக் கோழிக்குப் போடலாம். வேலைக்காரப் புழு செழிப்பாக இருந்து, வாசலில் சிறகு சிதைந்த தேனீக்களும் இல்லையானால் மருந்து எதுவும் வேண்டாம். மேல்நாடுகளில் போர்மிக் அமிலம், ஒக்சாலிக் அமிலம், தைமோல் போன்றவற்றைக் கையாளுகிறார்கள். அவை ஐரோப்பியத் தேனீயின் பெரிய குடும்பங்களுக்கு அளந்து கொடுக்கப்படுபவை. நம் சிறிய தேனீயின் பெட்டியில் அளவு தப்பினால் உண்ணி சாகுமுன் குடும்பமே பெட்டியை விட்டு எழுந்து போய்விடும். எழுந்து போவதில் நம் தேனீக்கு நிகர் இல்லை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: சிற்றுண்ணிக்குச் சிறகில்லை. அப்படியிருக்க, ஒரு கூட்டிலிருந்து மற்றொரு கூட்டுக்கு அது எப்படிப் போகிறது? பூக்களிலிருந்தும் தேனீக்களுக்கு நோய் தொற்றும் என்று என் மகளின் ஆசிரியை சொன்னாராம். அப்படியானால் பூச்செடி வைப்பதே தீமையா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: ஆசிரியை சொன்னது சரி. பூச்செடி வைப்பது தீமையன்று.

கூடு விட்டுக் கூடு பாய்வதற்கு உண்ணி பெரும்பாலும் தேனீயையே வாகனமாக்குகிறது. பெட்டிகளை ஒரே நிறத்தில் நெருக்கமாக வரிசையில் வைத்தால், வெளியே போய் வரும் தேனீக்களில் சில வாசல் தவறி அடுத்த பெட்டிக்குள் புகும். முதுகில் உண்ணி இருந்தால் அதுவும் புகும். ஆண் தேனீக்கள் இந்த வகையில் இன்னும் தாராளமானவை. அதிலும் மோசமானது கொள்ளை. பூ வற்றிய காலத்தில் வலிய குடும்பம் மெலிந்த குடும்பத்தின் தேனைத் திருடப் போகும். மெலிந்த குடும்பம் மெலிந்ததற்குக் காரணமே உண்ணியாக இருந்தால், திருடிய தேனோடு உண்ணியும் வீட்டுக்கு வந்து சேரும். தேன் எடுத்த வதைகளை வெயிலில் வெறுமனே போட்டுவைக்க வேண்டாம் என்று நான் பலமுறை எழுதியதற்கு இதுவும் காரணம்.

பூவின் கதை வேறு. முன்னாளில் பத்துக் குடும்பத்துக்கு ஒரு பங்குக் கிணறு இருந்தது. அதன் துலாக்கயிற்றை எல்லாக் கைகளும் பிடித்தன, ஒரே வாளி எல்லாக் குடத்துக்கும் நீர் வார்த்தது. ஊரில் வாந்திபேதி வந்தால் அது அந்தக் கிணற்றடியிலிருந்தே வீடு வீடாகப் போயிற்று. பூவும் பூச்சிகளுக்கு அப்படி ஒரு கிணற்றடி. விடியற்காலையில் விரியும் ஒரு பூசணிப் பூவின் அருகே அரை மணி நேரம் குந்தியிருந்து பாருங்கள். முதலில் கொசுத்தேனீக்கள் வந்து மகரந்தத்தில் புரளும். பிறகு பெட்டித் தேனீ. இடையில் ஒரு கருவண்டு இரைச்சலோடு நுழைந்து முதுகெல்லாம் மஞ்சளாக வெளியேறும். எறும்பும் ஈயும் கணக்கில் இல்லை. இவற்றுள் ஒன்று எச்சமிட்டுப் போன இடத்தில் அடுத்தது வாய் வைக்கிறது.

அந்த எச்சத்தில் என்ன இருக்கும் என்பதற்கு நொசீமா ஓர் உதாரணம். இது தேனீயின் குடலைப் பற்றும், பங்கசுக்கு உறவான ஒரு நுண்ணுயிர். இதன் ஓர் இனத்தை, நொசீமா செரானே என்ற பெயரில், சீனாவின் ஆசியத் தேனீயிலிருந்து 1996இல் விவரித்தார்கள். பத்தாண்டு கழியுமுன் அது ஐரோப்பாவின் தேனீக்களில் காணப்பட்டது. பின்னர் பம்பிள் தேனீ எனப்படும் மயிரடர்ந்த பருத்த தேனீக்களிலும் காணப்பட்டது. அந்தப் பம்பிள் தேனீக்களின் குடலில் கிரித்திடியா என்று இன்னோர் ஒட்டுண்ணி வாழ்கிறது. நோயுள்ள தேனீ போய்வந்த பூவுக்கு நோயற்ற தேனீயை விட்டு, பூ வழியாகவே அது தொற்றுவதை 1994இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர் சோதித்துக் காட்டினர்.

பம்பிள் தேனீ நம் தீவில் இல்லை. ஆனாலும் அதன் கதையைச் சொல்லாமல் விட முடியவில்லை. கண்ணாடி வீடுகளில் தக்காளிக்கு மகரந்தச் சேர்க்கை செய்விப்பதற்காக இந்தத் தேனீக்களைத் தொழிற்சாலை முறையில் வளர்த்து, பெட்டியில் அடைத்து நாடு நாடாக அனுப்புகிறார்கள். ஒட்டுண்ணி அற்றவை என்ற உத்தரவாதத்தோடு விற்கப்பட்ட அத்தகைய கூடுகளை வாங்கிச் சோதித்த ஆய்வொன்று பிரித்தானியாவில் 2013இல் வெளிவந்தது. நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட கூடுகளில் ஒட்டுண்ணிகள் இருந்தன. தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்கு 1990களின் இறுதியில் ஐரோப்பியப் பம்பிள் தேனீ வரவழைக்கப்பட்டது. அது கண்ணாடி வீட்டிலிருந்து தப்பி, அந்தீசு மலையையும் கடந்து ஆர்ஜென்ரீனாவுக்குள் பரவ, அந்த மண்ணுக்கே உரிய, எலிக்குஞ்சு அளவு பருத்த செம்பொன் நிறத் தேனீ அது போன இடமெல்லாம் அருகிப்போயிற்று. வந்த தேனீ சுமந்துவந்த ஒட்டுண்ணிகள் அதற்கு ஒரு முக்கிய காரணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

உங்கள் வளவுக்கு வருவோம். ஊருக்கு ஒரே கிணறு என்றால் நெரிசல். வளவுக்கு ஒன்று என்றால் நெரிசல் இல்லை. முருங்கை, வேம்பு, தென்னை, தூதுவளை, துளசி என்று ஆண்டின் எல்லா மாதங்களிலும் ஏதோ ஒன்று பூத்திருக்கும் வளவில் பூச்சிகள் ஒரே பூவில் முட்டிமோதுவதில்லை, பசியால் மெலிவதும் இல்லை. தேனீக்களுக்குத் தண்ணீர் வைப்பவர்கள் மட்டும் கிண்ணத்தை நாள்தோறும் கழுவி மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பந்தல் மூங்கிலில் துளையிட்ட பெரிய கருவண்டு ஒன்று இறந்து கிடந்தது. அதன் இடுப்புப் பக்கத்தில் வெளிறிய சிறு உண்ணிகள் கும்பலாக இருந்தன. அவைதான் அதைக் கொன்றனவா?
– தரம் 10 மாணவன், வடமராட்சி

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள், தம்பி. அநேகமாக அவை கொலையாளிகள் அல்ல.

நாம் கருவண்டு என்று சொல்வது உண்மையில் வண்டினம் அன்று. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் ஒரு தேனீ. இதன் சில இனங்களில் பெண் தேனீயின் வயிற்றின் முன்புறத்தில், இடுப்பை ஒட்டி, உடலுக்குள்ளேயே ஒரு சிறிய அறை உண்டு. அந்த அறை டைனோகமாசசு என்ற சிற்றுண்ணிகளின் குடியிருப்பு. தாய் புதுக் கூடு கட்டும்போது அவை இறங்கிக் கூட்டுக்குள் உலாவும். மகள் பிறந்து வெளியேறும்போது அவளுடைய அறையில் ஏறிக்கொள்ளும். அவை கூட்டிலுள்ள பூஞ்சணத்தையும் கழிவையும் உண்டு துப்புரவு செய்கின்றன என்று பலர் கருதுகிறார்கள். தீமை மட்டுமே செய்யும் ஓர் உயிருக்குத் தன் உடலில் இப்படி ஓர் அறையை எந்தத் தேனீயும் பேணி வைத்திராது என்பது என் எண்ணமும். கைவில்லை இருந்தால் அடுத்த முறை அந்த அறையின் வாயைத் தேடிப் பாருங்கள்.

உண்மையான ஒட்டுண்ணி ஒன்றைப் பார்க்க விரும்பினால் கத்தரித் தோட்டத்துக்குப் போங்கள். கத்தரிப் பூவைப் பற்றிக்கொண்டு ‘ஙீ’ என்று உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கும் நீலப்பட்டைத் தேனீ அங்கே வரும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீயின் மண்வளையைச் சுற்றி, கரிய உடலில் நீலப் புள்ளிகள் பதித்த மற்றொரு தேனீ சத்தமின்றி வட்டமிடும். வீட்டுக்காரி வெளியே போன சமயம் பார்த்து உள்ளே நுழைந்து முட்டையிட்டுவிட்டு வந்துவிடும். அதன் குடம்பி வீட்டுக்காரியின் பிள்ளைக்கென்று வைத்த உணவைத் தின்று வளரும். காகத்தின் கூட்டில் குயில் செய்வதுதான். இவ்விரண்டும் அளவோடு வாழ்ந்தே வருகின்றன. குயிற்தேனீ தென்படும் தோட்டத்தில் நீலப்பட்டைத் தேனீயும் போதிய அளவில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

கேள்வி: இத்தாலியத் தேனீ நம் தேனீயைவிடப் பல மடங்கு தேன் தரும் என்கிறார்கள். இந்தியாவிலிருந்து சில இராணித் தேனீக்களையாவது கொண்டுவர ஒருவர் முன்வந்திருக்கிறார். பத்துப் பெட்டியோடு தொடங்கலாமா?
– வாசகர், உரும்பிராய்

பதில்: வேண்டாம். தொழிலில் முன்னேற விரும்பும் ஒருவருக்கு இவ்வளவு கறாராகப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எனினும் இந்த விடயத்தில் நயமாகச் சொல்வதற்கு இடமில்லை.

ஐரோப்பியத் தேனீயின் ஒரு வகையான இத்தாலியத் தேனீ கூடுதலாகத் தேன் தரும் என்பது உண்மைதான். ஆனால் இராணியோடு கூட வரும் ஒரு கைப்பிடிப் பணித் தேனீக்களில் ஒன்றின் வயிற்று மடிப்புக்குள் ஒரு கருவுற்ற வரோவா ஒளிந்திருந்தால், அதைக் கண்ணால் கண்டுபிடிப்பது அரிது. நம் தேனீயிலும் உண்ணி இருக்கிறதே, புதிதாக வருவதால் என்ன என்று கேட்பீர்கள். உலகெங்கும் பரவிய வரோவா, ஐரோப்பியத் தேனீயின் கூட்டில் பெருகப் பழகிய இரண்டே மரபுவழிகளைச் சேர்ந்தது. அது நம் கூடுகளில் நெடுங்காலம் பழகிய உண்ணி அன்று. அது கொண்டுவரும் வைரசின் திரிபும் நம்முடையது அன்று. ஹவாய்த் தீவுகளில் நடந்ததைப் பாருங்கள். 2007இல் அங்கே வரோவா புகுந்தது. அதற்கு முன் சிறகுச் சிதைவு வைரசு ஏறத்தாழ பத்தில் ஒரு கூட்டில் மட்டும், பல திரிபுகளாக, பெரிதாகத் தீங்கு செய்யாமல் இருந்தது. உண்ணி பரவிய இடங்களில் எல்லாக் கூடுகளிலும் அந்த வைரசு காணப்பட்டதோடு, பல திரிபுகள் மறைந்து ஒன்றே ஓங்கி நின்றது.

மறுபக்கமும் உண்டு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இத்தாலியத் தேனீ இங்கே நிம்மதியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். உயர்ந்த மரங்களிலும் தண்ணீர்த் தாங்கிகளிலும் ஒற்றை வதையாகத் தொங்கும் பெருந்தேனீயின் கூட்டில் திரோப்பிலேலப்சு என்ற வேறொரு சிற்றுண்ணி வாழ்கிறது. அதன் இனங்களுள் ஒன்று இலங்கையின் பெருந்தேனீயிலிருந்தே 1982இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இந்தக் குலத்தின் வேறு இரண்டு இனங்கள் ஆசியாவின் பல பகுதிகளில் ஐரோப்பியத் தேனீக்குத் தாவி, வரோவாவைவிட வேகமாகப் பெருகி, பெட்டிகளைக் காலி செய்திருக்கின்றன.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒட்டுண்ணி அன்று, வைரசு. ஆனால் பயணம் ஒன்றுதான். தாய்லாந்தில் 1976இல் இனங்காணப்பட்ட பைப்புழு நோய், 1991, 1992ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவை அடைந்தது. நம் தேனீயின் அதே இனத்தை வளர்த்துவந்த கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும், புழுக்கள் நீர் நிறைந்த பை போலாகி இறக்க, பெட்டிகளின் பெரும்பகுதி வெறுமையாயிற்று. அங்கிருந்து ஒரு தீப்பெட்டிக்குள் இராணியைக் கொண்டுவருபவருக்கு அது வெறும் ஓர் இராணி. விமான நிலையத்தில் பரிசோதிப்பவர்கள் ஏன் அத்தனை கண்டிப்பாக இருக்கிறார்கள் என்று அவர் கோபிக்கக்கூடும்.

தீவுக்குள்ளேயே பெட்டி இடம் மாறுவதிலும் கவனம் வேண்டும் என்பதை நான் பட்டு அறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன், குடாநாட்டுக்கு வெளியிலிருந்து ஒருவர் இரவோடு இரவாக லொறியில் கொண்டுவந்து தந்த மூன்று பெட்டிகளை, மூடியைத் திறந்து பாராமலே என் பழைய பெட்டிகளின் அருகில் வைத்தேன். விலை மலிவு என்ற மகிழ்ச்சியில் கண் தெரியவில்லை. விடிந்து பார்க்கும்போது ஒரு பெட்டியில் புழு அறைகள் அங்குமிங்கும் ஓட்டையாகச் சிதறிக் கிடந்தன. ஆறு வாரத்துக்குள் என் பழைய குடும்பங்களில் இரண்டு எழுந்து போய்விட்டன. விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை; பார்க்க வேண்டியவன் நான்.

பத்துப் பெட்டி வேண்டுமென்றால், உங்கள் அயலில் ஆண்புழு எழுந்து குடும்பம் பிரியும் காலத்தில் வெற்றுப் பெட்டிகளுக்கு உட்புறம் பழைய மெழுகு பூசி, நிழலான பூவரச மரக்கவடுகளில் வைத்துப் பிடியுங்கள். வெளியிலிருந்து வாங்கியே ஆக வேண்டுமானால், புதிய பெட்டியைப் பழையவற்றிலிருந்து எட்ட, வேறொரு வளவில், இரண்டு மாதமாவது தனியே வைத்துப் பாருங்கள். பண்டாரவளை, பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு உள்ளது. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் மூலம் அவர்களோடு தொடர்புகொள்ளலாம்.

கேள்வி: எருக்கலையில் வளரும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுக்களைப் பிள்ளைகள் போத்தலில் வைத்துப் பார்க்கிறார்கள். நான்கில் இரண்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாக ஈ வந்தது. இது என்ன மாயம்?
– வாசகி, ஊர்காவற்றுறை

பதில்: அது வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி. கம்பளிப்புழுவாக இலை தின்றுகொண்டிருந்தபோதே ஒருவகை ஈயின் புழுக்கள் அதன் உடலுக்குள் புகுந்திருக்கின்றன. உயிர் போகாதபடி உள்ளிருந்து தின்று, கூட்டுப்புழு ஆன பிறகு வேலையை முடித்து வெளியேறுகின்றன. கொடுமையாகத் தோன்றினாலும் இது நம் எருக்கலங் காடுகளின் பழைய கணக்கு. பிள்ளைகள் அதையும் பார்க்கட்டும்.

போத்தலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இந்தப் பூச்சியின் அமெரிக்க உறவான மொனாக் வண்ணத்துப்பூச்சியை ஒரு நுண் ஒட்டுண்ணி பற்றுகிறது. நோயுற்ற தாய் முட்டையிடும்போது அவளுடைய உடலிலிருந்து உதிரும் வித்திகளை, பிறந்த புழு இலையோடு தின்றுவிடுகிறது. மொனாக்குக்கு உதவுவதாக எண்ணி அங்கு பலர் வீட்டுத் தோட்டங்களில் ஒரு வெப்பவலய எருக்கினச் செடியை நட்டார்கள். உள்ளூர்ச் செடிகள் குளிர்காலத்தில் பட்டுப்போகும், அவற்றோடு வித்திகளும் போகும். இதுவோ மிதமான இடங்களில் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்பதால் வித்திகள் அதில் சேர்ந்துகொண்டே போயின. பூச்சிகளும் வலசை போகாமல் அங்கேயே தங்க, நோய் மிகுந்தது. ஆகவே ஒரே போத்தலில் பல புழுக்களை நெருக்காதீர்கள். ஒரு தொகுதி வெளியேறியதும் சுடுநீரால் கழுவி வெயிலில் காயவிடுங்கள்.

கேள்வி: வதையில் வெள்ளைப் புழுக்கள் நூலாம்படை போல் வலை பின்னுகின்றன. பெட்டிக்குள் பூச்சி உருண்டை போடலாம் என்கிறார்கள். உண்ணியோ புழுவோ இருந்த வதையின் தேனைச் சாப்பிடலாமா?
– வாசகர், அச்சுவேலி

பதில்: பூச்சி உருண்டை வேண்டாம். அதன் மணம் மெழுகில் ஊறித் தேனுக்குள் இறங்கும். அதற்குப் பின் அந்தத் தேன் அலுமாரிக்குள் வைத்த வேட்டியைப் போல் மணக்கும், உடலுக்கும் ஆகாது. நீங்கள் காண்பது மெழுகு அந்துப்பூச்சியின் புழு. அது தேனீயை ஒட்டி வாழ்வதன்று, வதையைத் தின்பது. ஆனால் உண்ணியாலோ பசியாலோ மெலிந்து, வதையைக் காவல் காக்க ஆளில்லாத குடும்பத்தைத்தான் அது தேடி வரும். தேனீ மூடாத வெற்று வதைகளை எடுத்துவிட்டு, குடும்பத்தை அது நிரப்பக்கூடிய நாலைந்து சட்டங்களுக்குள் ஒடுக்குங்கள். அடிப்பலகையில் சேரும் மெழுகுத் தூளை வாரந்தோறும் சுரண்டுங்கள். முட்டை அதில்தான் கிடக்கும். வலை படர்ந்த வதையை உருக்கி மெழுகாக்கிவிடலாம்.

பூ இல்லாத நாட்களில் உணவு கொடுப்பதானால் சீனிப்பாகு கொடுங்கள். கடையில் வாங்கிய தேனைக் கொடுக்க வேண்டாம். எந்த நாட்டுக் கூட்டிலிருந்து வந்தது என்று தெரியாத தேனில், பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும் புழு அழுகல் பற்றீரியாவின் வித்திகள் இருக்கக்கூடும்.

உங்கள் வதையில் மூடியிருந்த தேனைத் தாராளமாகச் சாப்பிடலாம். சிற்றுண்ணியோ நொசீமாவோ மனிதரைப் பற்றுவதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் எந்தத் தேனையும் நாவில் தடவக் கூடாது. அதற்குக் காரணம் உண்ணி அன்று, குழந்தையின் குடலில் நஞ்சு உண்டாக்கக்கூடிய வேறொரு பற்றீரியா. வலை படர்ந்த பகுதியின் தேனை வடிக்காமல் வெட்டி எறிந்துவிடுங்கள். எறியும் இடம் பெட்டிகளுக்கு எட்டத்தில், மண்ணுக்குள் ஒரு முழ ஆழத்தில் இருக்கட்டும்.